ஆச்சியைக் கிளப்பாமல் ஓட்டு வீட்டைச் சரிசெய்வது

எங்கள் அப்பா கொத்தனார். பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டிக் கரையோர ஊர்களில் அவர் கை படாத ஓட்டு வீடு குறைவு. பதினாறு வயதில் அவர் பின்னால் சித்தாளாகப் போனேன். இப்போது எனக்கு 52. நானும் தம்பியும், ஒரு ஆசாரியும், நாலைந்து ஆட்களுமாகப் பழைய வீட்டு மராமத்து மட்டும் எடுத்துச் செய்கிறோம்.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் போன் பண்ணினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "அம்மா தனியா இருக்காங்க, வீடு பூரா ஒழுகுது. மூணு மாசம் நாங்க கூட்டிட்டுப் போயிடுறோம், நீங்க வேலையை முடிச்சு வச்சிடுங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எண்பது வயதுக்காரரை வேரோடு பிடுங்கிப் பட்டணத்து மூன்றாவது மாடியில் வைத்துவிட்டு, அவர் பார்க்காமல் அவர் வீட்டைப் பிரித்துக் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வீடு நாளை விழும் என்ற நிலையில் இருந்தால் வேறு கதை. மற்றபடி உள்ளே ஆளை வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். கொஞ்சம் மெதுவாகப் போகும், செலவும் சற்றுக் கூடும். ஆனால் எந்தத் தூணை வைப்பது, எந்தப் பலகையை எடுப்பது என்று சொல்ல வீட்டுக்காரரே பக்கத்தில் இருப்பார்.

போன வருஷம் முடித்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். வீட்டுக்கார ஆச்சிக்கு 81 வயது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லைக் கிணறு என்று நம் பக்கத்து நீள வீடு. சித்திரை பிறந்தால் அப்பா ஏறி ஓடு மாற்றிக்கொடுத்த வீடு அது. அப்பா போனபிறகு பதினைந்து வருஷம் யாரும் ஏறவில்லை.

எப்போது ஆரம்பிப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தை அறுவடை முடிந்து, மாசி பிறந்ததும் ஆரம்பியுங்கள். அப்போதுதான் ஆள் கிடைக்கும். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவை வேலை தொடங்கிவிடும்; அதன்பின் சம்பா நடவு. சித்தாள் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். மாசியிலிருந்து வைகாசி வரை வெயிலில் சுவரும் காயும், கிணற்றில் தண்ணீர் இறங்குவதால் தூரும் வாரலாம். கூரை எப்படியும் ஆவணிக்குள் மூடியாக வேண்டும். ஐப்பசி அடைமழை யாருக்கும் காத்திருக்காது.

முதல் நாள்

முதல் நாள் சுத்தியல் எடுத்துப் போகாதீர்கள். ஒரு சாக்கட்டியும் நோட்டும் போதும். ஆச்சி வீட்டுக்குள் நுழைந்தபோது தரை முழுக்கப் பாத்திரம். குண்டான், ஈயச்சட்டி, பிடி போன வாளி, பெயிண்ட் டப்பா, பூஜைத் தாம்பாளம்கூட ஒன்று. மொத்தம் பதினொன்று. என்னோடு வந்த பையன் ஓரமாக அடுக்க ஆரம்பித்தான். ஆச்சி கத்தினார்கள்: "டேய், அத எடுக்காத! அது அது எடத்துலதான் இருக்கணும்." எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து மழைக்காலமாக எந்த இடத்தில் சொட்டும், எங்கே பெரிய மழைக்கு மட்டும் சொட்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்த பாத்திரங்கள் அவை. ஒவ்வொன்றைச் சுற்றியும் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டேன். ஆச்சியிடம் கேட்டு வட்டத்துக்குள் எழுதினேன்: இது ஒரு ராத்திரியில் நிறையும், இது காற்று மழைக்கு மட்டும், இது புதுசு. நான் கூரையில் ஏறி நாலு நாள் தேடியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

ஒன்று நினைவில் வையுங்கள். பாத்திரத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் ஓட்டில் நுழைந்து, ஓட்டைத் தாங்குகிற சரிந்த மரமான கைமரத்தின் அடிப்பக்கமாகவே சறுக்கி வந்து, முடிச்சோ ஆணியோ தட்டுப்படுகிற இடத்தில் சொட்டும். அதனால் வட்டத்திலிருந்து முகட்டைப் பார்க்க மேலே மேலே தேடிக்கொண்டு போங்கள். நடுப்பகலில் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால் ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். அதிலும் பிடிபடாவிட்டால் ஒருவர் மேலே ஏறிச் சொம்புத் தண்ணீரைக் கீழ்வரிசையிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே ஊற்றட்டும், ஒருவர் உள்ளே நின்று குரல் கொடுக்கட்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த வரிசை ஒழுகுகிறது என்று தெரியாமல் போய்விடும்.

காகிதம்

ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் வீடு யார் பேரில், மனை யார் பேரில் என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. நம் பக்கத்தில் எத்தனையோ தெருக்கள் கோயில் மனையிலோ மடத்து மனையிலோ இருக்கின்றன. வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது. வருஷா வருஷம் மனை வாடகை கட்ட வேண்டும். அப்படியானால் பெரிய வேலைக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தொட வேண்டும். பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு யார் பேரில், வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகல் எடுத்து, மூலத்தை வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள். உதவி செய்ய வந்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் வேலை நடக்கிறது என்றால் பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வருவார்கள். "நான் பாத்துக்குறேன், என் பேருக்கு ஒரு கையெழுத்து போடு" என்பார்கள். வயதானவர் எதிலும் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரே விரும்பி யாருக்காவது தானசெட்டில்மெண்ட் எழுதினால், கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இருக்கிறது. நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த பின் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று ஆக்கலாம்.

அடுத்து, பழைய சாமான் வாங்குகிறவர். வண்டியைத் திண்ணை ஓரமாக நிறுத்திவிட்டு நல்ல பேச்சாகப் பேசுவார். முன்பு வேறொரு வீட்டில், நான் செங்கல் வாங்கக் கும்பகோணம் போயிருந்த ஒரு மதியத்தில், இரண்டு தேக்குத் தூணும் வேலைப்பாடு செய்த நிலையும் சொற்பக் காசுக்குப் போய்விட்டன. தூணைக் கழற்றியவன் முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. தாழ்வாரம் ஒரு சாண் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து முதல் நாளே தூண், நிலை, கதவு, உத்திரம், பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுதி, வீட்டுக்காரரிடம் காட்டிவிடுகிறேன்.

முதலில் ஒரு அறை

கூரை முழுவதையும் பிரிக்கிற வேலையை அப்புறம் பாருங்கள். ஆள் தூங்குகிற இடத்தை முதலில் நனையாமல் ஆக்குங்கள். ஆச்சி வீட்டில் ரேழியை ஒட்டிய அறைக்கு மட்டும் ஓடு மாற்றி, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கதவுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் சரிசெய்து எட்டு நாளில் கொடுத்தோம். வேலை முடிகிற வரைக்கும் அங்கே ஒரு சுத்தியல் சத்தமும் இல்லை, தூசியும் இல்லை.

அந்த அறையில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். கூடத்தில் ஆச்சி கட்டில் கிழக்குத் தலைமாடாக, வாசல் இடது கைப்பக்கம் வருகிற மாதிரிக் கிடந்தது. ஜன்னல் காற்று வரட்டும் என்று நான் புது அறையில் திருப்பிப் போட்டேன். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தவர்கள் பழக்கத்தில் இடப்பக்கம் நடந்து சுவரில் மோதி விழுந்துவிட்டார்கள். மணிக்கட்டில் எலும்பு கீறல், ஒரு மாசத்துக்கு மேல் மாவுக்கட்டு. ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது. இடம் மாற்றினாலும் கட்டிலின் திசையை மாற்றாதீர்கள். கதவு எந்தக் கைப்பக்கமோ அதே கைப்பக்கம் வரட்டும். தண்ணீர்ச் சொம்பு, வெற்றிலைப் பெட்டி, மாத்திரை டப்பா, டார்ச் லைட் எல்லாம் பழைய தூரத்திலேயே இருக்கட்டும். கழிவறை வரை ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்குப் போடுங்கள்.

வேலை நேரத்தையும் அவர்கள் நாளுக்கு ஏற்ப வையுங்கள். ஆச்சி பதினொரு மணிக்குச் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று வரை தூங்குவார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கொல்லையில் சத்தமில்லாத வேலை: ஓடு கழுவுவது, மணல் சலிப்பது.

கூரை

ஏறுவதற்கு முன் மரத்தைச் சோதியுங்கள். உத்திரமும் கைமரமும் நடுவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். திருப்புளியால் குத்துங்கள். அரை விரல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சவுக்கு மரம் முட்டுக் கொடுங்கள். அடியில் பலகை, மேலே பலகை, நடுவில் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். வெறும் தரையில் நிறுத்தின முட்டு, பாரம் ஏறினதும் தரைக்குள் இறங்கிவிடும்.

முனை மட்டும் போன உத்திரத்தை முழுசாகத் தூக்கி எறியத் தேவையில்லை. கெட்ட பாகத்தை அறுத்துவிட்டு, அதே ஜாதிப் பழைய மரத்தில் ஒட்டுப் போட்டு, போல்ட் முறுக்கித் தரத் தெரிந்த ஆசாரி இன்னும் இருக்கிறார்கள். பனைமரத்தில் அறுத்த கைமரங்களான பனங்கைகளில் வைரம் பாய்ந்தது இன்னொரு தலைமுறைக்கு வரும். கரையான் மண்ணைச் சுரண்டிவிட்டு உள்ளே தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும்.

ஓடு பிரிக்கும்போது ஒரு சரிவை மொத்தமாக இறக்கிவிட்டு மறு சரிவை அப்படியே விடாதீர்கள். பாரம் ஒரே பக்கம் சாய்ந்து முகட்டு மரத்தைத் தள்ளும். முகட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வரிசையாக இறக்குங்கள். இறக்கின ஓட்டை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டுங்கள். கணீர் என்றால் ஒரு அடுக்கு, பொத் என்றால் இன்னொரு அடுக்கு. விரிசல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். ஆச்சி அந்த வேலையைத் தான் செய்கிறேன் என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு கை மாவுக்கட்டில், மறு கையால் தட்டித் தட்டி மூன்று நாளில் அறுநூறு ஓடு பார்த்தார்கள். நான் அப்புறம் ஒரு நூறைத் திரும்பத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு என்றால் அடிப்பக்கம் கம்பெனி முத்திரையைப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் தொழிற்சாலை வைத்த பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதே மாதிரி செய்தன. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளம் இன்னொன்றின் மேட்டில் சரியாக உட்காராது. கலந்து போட்ட இடத்தில் கட்டாயம் ஒழுகும். அதனால் ஒரு சரிவுக்கு ஒரே முத்திரை. குறைந்தால் பின்பக்கச் சரிவிலிருந்து எடுத்து முன்பக்கத்தை நிரப்பிவிட்டு, பின்பக்கத்துக்கு வேறு ஓடு போடுங்கள். இடிக்கிற வீடுகளில் பழைய ஓடு கிடைக்கும். ஓடு உட்கார்கிற குறுக்குச் சட்டமான ரீப்பர் அடிக்கிற இடைவெளியையும் போடப்போகிற ஓட்டையே வைத்து அளந்துகொள்ளுங்கள்.

முற்றத்தின் நாலு மூலையிலும் இரண்டு சரிவு சேர்கிற கூடல்வாய் இருக்கிறதே, பாதி ஒழுக்கல் அங்கேதான். ஆச்சியின் பதினொரு பாத்திரத்தில் ஆறு கூடல்வாய்க்குக் கீழே இருந்தவை. பழைய தகரத்தின் மேல் தார் பூசி ஒப்பேற்றாதீர்கள். இரண்டு அடி அகலத்தில் புதுத் தகடு மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் அரை அடியாவது உள்ளே போகட்டும். அந்தத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில்தான் விழும். ஆகவே முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற வழியை மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தி, ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். ஆச்சி வீட்டில் அது பாதி வழியில் மண்ணடைத்துக் கிடந்தது. கூடத்துச் சுவர் ஈரம் காயாததற்கு அதுதான் மூலம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கத்து உறவுக்காரர் வீட்டுக்குத் தார்ப்பாய் கொண்டுபோனேன். பறந்திருந்தவை ஓர வரிசையும் முகட்டு வரிசையும். நடுவில் இருந்தவை அசையவே இல்லை. அன்றிலிருந்து ஓர வரிசைகளை ஓட்டின் காதுத் துளையில் கம்பி விட்டு ரீப்பரோடு கட்டாமல் நான் இறங்குவதில்லை.

சுவர்

பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. நம் களிமண் பூமியில் ஈரம் அடியிலிருந்து சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். சிமெண்டு பூசினால் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழும், செங்கல்லும் பொடிந்துபோகும். ஆச்சி வீட்டில் எப்போதோ யாரோ இடுப்பளவுக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். ஈரம் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அத்தனையையும் கொத்தி எடுத்து, ஒரு மாசம் சும்மா காயவிட்டோம். அந்த ஒரு மாசம் ஆள் வரவில்லையே என்று வீட்டுக்காரர் கவலைப்படுவார். காய்வதும் வேலைதான் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் விசேஷம். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். அந்த நேரம் வயதானவரையும் பிள்ளைகளையும் கொல்லைப் பக்கம் விடாதீர்கள். நீற்றினதைக் குழியில் பத்து நாளாவது ஊறவிட்டு, சலித்து, ஒன்றுக்கு மூன்று ஆற்று மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். பூசின பிறகு வெயில் நேராகப் படாமல் சாக்குப் படுதா கட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வாருங்கள்.

விரிசலை உடனே அடைக்காதீர்கள். களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். விரிசலும் அதோடு திறந்து மூடும். குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். ஒரு மழை, ஒரு கோடை கழிந்தும் சில்லு உடையாவிட்டால் அது பழைய காயம், அடைத்துவிடலாம். உடைந்தால் பொறியாளரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூச்சுக்கு முன்னாலேயே வயரிங்கை முழுசாக மாற்றிவிடுங்கள். ஈரச் சுவர், பழைய ஒயர், செருப்பில்லாத கால்: மூன்றும் சேரக் கூடாது. எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்தே ஆகவேண்டும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நடமாட்டம்

கழிவறை கொல்லைக் கடைசியில் இருந்தால் அதை விட்டுவிட்டு, படுக்கையிலிருந்து பத்தடிக்குள் ஒன்று கட்டுங்கள். உட்காரும் கோப்பை, இரண்டு பக்கமும் கைப்பிடி, வெளியே திறக்கிற கதவு. உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. கிணற்றிலிருந்து தொட்டி 50 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

நிலைப்படிகள்தான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தன. ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் முக்கால் அடி உயரப் படி. அறுத்துவிடலாம் என்றான் தம்பி. ஆச்சி மஞ்சள் பூசிக் கோலம் போடுகிற படி அது. எனக்கு மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் சரிவுப் பலகை போடலாம், ஆனால் நல்ல கனத்த பலகைக்கு எங்கே போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். ஆச்சி இரண்டாம் கட்டில் இருந்த பத்தாயத்தைக் காட்டினார்கள். இருபது வருஷமாக நெல் பார்க்காத பத்தாயம். முதல் வாரத்தில் நான் அதைக் கழற்றி வைக்கட்டுமா என்று கேட்டபோது முடியாது என்று ஒரே பேச்சாகச் சொன்னவர்கள்.

"அடிப்பலகை ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். எடுத்துக்க."

"ஆச்சி, அப்புறம் பத்தாயம் நிக்காதே?"

"நெல்லு சொமந்த பலகை, என்னைச் சொமக்காதா? எடும்மா."

இரண்டு விரல்கடைக் கனம், வேங்கை. ஆசாரி இழைத்தபோது உள்ளிருந்து நெல் உமி கொட்டியது. ஆச்சி அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்கள்.

பரணை ஒழிக்கும்போதும் இதே முறைதான். குப்பை என்று உங்களுக்குத் தோன்றுவதை நீங்களாக எறியாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கூடை மட்டும் இறக்கி, அவர் முன்னால் வைத்து, வைத்துக்கொள்வதா கொடுப்பதா எறிவதா என்று அவரையே கேளுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

வீட்டு வேலை நடக்கிற மாசங்களில் ஆளுக்கான வேலைகளையும் ஒவ்வொன்றாக முடித்துவிடுங்கள். ஆதரவற்ற முதியவருக்கான ஓய்வூதியம் 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1200 ரூபாயாக உயர்ந்தது. தகுதி இருந்தும் வாங்காதவர்கள் பலர், இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். கண்புரை அறுவை அரசு மருத்துவமனையில் இலவசம்; ஆச்சிக்கு ஒரு கண் செய்தபிறகுதான் படியின் விளிம்பே தெரிந்தது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பேர் கொடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வரும். முதியோர் உதவி எண் 14567-ஐப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே பக்கத்து வீட்டு நம்பர், ஆட்டோக்காரர் நம்பர். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, முதல் பெரிய மழை அன்று அந்த வீட்டில் இருங்கள். கூலி கணக்குத் தீர்ந்துவிட்டது என்று போகாமல் இருக்காதீர்கள். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கருக்கல் கட்டினதும் நான் ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். ராத்திரி எட்டு மணிக்குப் பிடித்த மழை விடியற்காலம்தான் விட்டது. ஆச்சி என்னை நம்பாமல் இல்லை, ஆனாலும் பதினொரு பாத்திரத்தையும் பழைய இடங்களிலேயே வைத்திருந்தார்கள். இருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு மணிக்கு ஒரு தடவை சுற்றினோம். தென்மேற்கு மூலைக் குண்டானில் மட்டும் ஒரு உழக்குத் தண்ணீர். நான் சாக்கட்டி எடுத்து வட்டம் போட்டேன். காலையில் ஓடு காய்ந்ததும் தம்பி ஏறினான்; தகட்டின் மடிப்பு ஒரு விரல் குறைவாக இருந்தது. பரணில் இதற்கென்று ஐம்பது ஓடும் ஒரு முழத் தகடும் மிச்சம் வைத்திருந்தோம். நீங்களும் வைத்துவிட்டு வாருங்கள்.